ஒன்பதாவது வாரம்

சந்தனமாரியின் நிழல் ஒன்பதாவது வாரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டது. பத்தாவது வாரம் வெற்றுத்தாள். பதினொன்றாவது வாரமும் வெற்றுத்தாள். அத்துடன் இயந்திரம் ஓட்டத்தை முடித்துக்கொண்டு, 'அடிப்படைக் கணிதம்' என்று ஒரே வரியில் முடிவை எழுதிவிட்டது. அந்த வரிக்குக் கீழே ஒருங்கிணைப்பாளர் மீனலோசனி கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்று காலையில் அவள் போட்ட நூற்றுப் பதினேழு கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. பெயரைக்கூட அவள் படித்திருக்க மாட்டாள்.

கல்லூரி இடமாற்றப் பட்டியல் மூடுகிற நாளன்று, மாலை நான்கு மணிக்கு, அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் அலுவலகத்துக்குள் வந்தார். மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி உலகனேரி வரை வெயிலில் நடந்தே வந்திருக்கிறார் என்பது சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. பாடப் பொருத்த வாரியத்துக்கு ஆட்கள் நேரில் வருவது நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. பார்வையாளர் நாற்காலியில் ரவூப் தன் ஹெல்மெட்டை வைத்துப் பழகியிருந்தான். இயந்திரத்தைக் கவனித்துக்கொள்கிறவன் அவன். ஹெல்மெட்டை அவசரமாக எடுத்துத் தரையில் வைத்தான்.

"பொன்னுத்துரைன்னு பேரு. ஓட்டப்பிடாரம் பக்கம் காலேஜில கணக்கு வாத்தியாரு" என்றார் வந்தவர். "எங்க பிள்ள ஒண்ண நீங்க தப்பான எடத்துல போட்டிருக்கிய. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உக்காருங்க சார். தண்ணி குடிங்க மொதல்ல."

"தண்ணியெல்லாம் இருக்கட்டும். அஞ்சு மணிக்கு மூடிருவியளாமே."

மீனலோசனிக்குச் சிரிப்பு வந்தது. தப்பான இடத்தில் போடுவது என்பதே இல்லாமல் ஆக்கத்தான் அவள் இருபத்தாறு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொன்னால் தற்பெருமையாகிவிடும் என்று பொறுமையாக, அவர் கொண்டுவந்திருந்த இடமாற்ற நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள்.

அவளுக்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பது வயதில் சிவகங்கையிலிருந்து மதுரைக்குக் கல்லூரி மாறினாள். இங்கே இரண்டாம் தாளில் இருந்த வகைநுண்கணிதம் அங்கே முதல் தாளில் இருந்தது. அங்கே படித்த வெக்டர் இங்கே மூன்றாம் வருஷம். ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை என்று சொல்லி ஒரே பாடத்தை மூன்று தடவை படிக்க வைத்தார்கள். ஒரு வருஷம் வீணாகப் போனது. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டபோது இவள் பழைய நோட்டில் அதே கணக்கை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆத்திரத்தில்தான் இந்த வேலைக்கே வந்தாள். இருநூற்றுப் பதினான்கு கல்லூரிகளின் கணிதப் பாடங்களை ஒரே அட்டவணையில் கொண்டுவந்து நிறுத்தினாள். இப்போது கிளியனூரில் படித்த பிள்ளை கம்பத்தில் போய் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பதை யாரும் விவாதிக்க வேண்டியதில்லை.

அட்டவணைக்குப் பிறகு நிழல் வந்தது.

"நிழல்னா என்னன்னு தெரியும்ல சார்?"

"ஏதோ சொன்னாவ. எனக்கு வெளங்கல."

"சொல்றேன். மாறணும்னு கேக்குற பிள்ளை பதினொண்ணாம் வகுப்புலேருந்து எழுதின நோட்டு, பரீட்சைத் தாள் எல்லாத்தையும் வாங்கிருவோம். விடை மட்டும் இல்ல. எங்க அடிச்சு எழுதுனா, எந்தக் கணக்குல எவ்வளவு நேரம் முழிச்சா, எப்ப விட்டுட்டுப் போயித் திரும்ப வந்தா, எல்லாமே அதுல இருக்கு. அத வச்சு அந்தப் பிள்ளை மாதிரியே கணக்குப் போடுற ஒண்ண மிஷின் செய்யும். அதான் நிழல். அது புதுக் காலேஜோட வகுப்புல ஒரு செமஸ்டர் உக்காந்து படிக்கும். நமக்குப் பதினோரு நிமிஷம். அதுக்குப் பதினஞ்சு வாரம். தேறிட்டா பிள்ளைக்கு அந்த வகுப்பு. தேறலைன்னா ஒரு படி கீழ. பிள்ளைக்கு நுழைவுத்தேர்வும் கிடையாது, பயமும் கிடையாது."

"சரி. எங்க பிள்ள நிழலு என்ன செஞ்சுது?"

மீனலோசனி திரையை அவர் பக்கம் திருப்பினாள். "ஆறு காலேஜில ஓட்டிப் பாத்திருக்கோம் சார். ஆறுலயும் ஒரே மாதிரி. எட்டு வாரம் நல்லாத்தான் எழுதுது. ஒன்பதாவது வாரத்துலேருந்து ஒண்ணுமே இல்ல. பாருங்க, கேள்வி எண்கூடப் போடல. ஒரு இடத்துக்கு மேல சரக்கு இல்லைன்னா இப்படித்தான் ஆகும். அஸ்திவாரம் சரியில்லைன்னு அர்த்தம். அதான் அடிப்படைக் கணிதத்துல போட்டிருக்கு. ஒரு வருஷம் அதைப் படிச்சிட்டு வரட்டும்."

பொன்னுத்துரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். வாரங்களை விரலால் எண்ணினார். ஒரு முறை எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"ஜூலை மொத வாரம் தொடங்கினா, ஒம்போதாவது வாரம் ஆவணிக் கடைசிலா வருது?"

"ஆமா. செப்டம்பர்."

"அது தீவாளித் தையலு மேடம்."

மீனலோசனிக்குப் புரியவில்லை. ரவூப்பைப் பார்த்தாள். அவனுக்கும் புரியவில்லை.

"எங்க பக்கம் ஊரு பூராவும் ரெடிமேடு தைக்கித ஊரு" என்று நிதானமாகச் சொன்னார் பொன்னுத்துரை. "சின்னப் பிள்ளைய கவுனு, நைட்டி, பாவாடை. தீவாளிச் சரக்கு புரட்டாசி பாதிக்குள்ள லாரி ஏறிரணும். அதுக்கு முந்தின நாலு வாரம் வீட்டுல ஒரு ஆளு சும்மா இருக்க முடியாது. பொம்பளப் பிள்ளைய பூராவும் காஜா எடுக்கும், பட்டன் வைக்கும், பிசிறு வெட்டும். அந்த நாலு வாரம் எங்க கிளாசில பெஞ்சுதான் இருக்கும். நாங்களும் வையமாட்டோம். நாலு வாரம் கழிச்சு வருவாவ. வந்து விட்டுப்போன பரீட்சையெல்லாம் சனிக்கிழமை சனிக்கிழமை உக்காந்து எழுதுவாவ. ஸ்கூல்லயும் அப்படித்தான், காலேஜிலயும் அப்படித்தான். எங்க அப்பா காலத்துலருந்து அப்படித்தான்."

"ஆனா மார்க் எல்லாம் அந்தந்த வாரத்துலயே பதிவாகியிருக்கே சார்."

"அப்படித்தான் போடுவோம். வேற எங்கன போட? மார்க் பட்டியல்ல மறுதேர்வுன்னு ஒரு பத்தி இருந்துது. அத நீங்கதானே எடுக்கச் சொன்னிய."

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்திய சுற்றறிக்கை. 'பிற கல்லூரிகளில் இல்லாத காரணத்தால், ஒப்பீட்டின் பொருட்டு, மறுதேர்வு எனும் பத்தி நீக்கப்படுகிறது.' கீழே மீனலோசனியின் கையெழுத்து. அவர் குத்திக் காட்டும் நோக்கத்தில் அதை எடுத்து வைக்கவில்லை. பஸ் டிக்கெட்டைக் காட்டுகிற மாதிரித்தான் காட்டினார். அதனாலேயே அவளால் அந்தத் தாளை உடனே திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. இருநூற்றுப் பதினான்கு கல்லூரிகளில் பதினோரு கல்லூரிகளில் மட்டும் அந்தப் பத்தி இருந்தது. அந்த ஒன்றினால் அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. பதினொன்றும் எந்த ஊர்க் கல்லூரிகள், ஏன் அவற்றுக்கு மட்டும் அது தேவைப்படுகிறது என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. பத்தியை எடுத்ததும் எல்லாம் ஒரே பக்கத்தில் அழகாக உட்கார்ந்தது. அன்றைக்கு ஆபீஸில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தொடர்ந்து மூன்று வாரம் வெற்றுத்தாளாக இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடலாம் என்ற விதி. அதையும் எழுதியது அவள்தான். முதல் இரண்டு வருஷம் நிழல்களை முழுதாக ஓட்டியதில் வரிசை நீண்டு, பிள்ளைகள் முடிவுக்காக ஆடி மாதம் வரை காத்திருந்தார்கள். மூன்று வாரம் எழுதாத நிழல் அதற்குப் பிறகு எழுதி யாரும் பார்த்ததில்லை என்று அவளே கூட்டத்தில் சொன்னாள். சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்க்க எடுத்த நிழல்கள் எல்லாம் பெரிய ஊர்க் கல்லூரிகளுடையவை.

"இந்தப் பிள்ளைய மட்டும் ஏன் சார் கேக்குறீங்க? உங்க காலேஜிலேருந்து வேற யாரும் மாறலையா?"

"எங்க காலேஜில வார வருஷத்துலருந்து கணக்கே கிடையாது மேடம். பன்னெண்டு பேரு இல்லன்னா நடத்தக்கூடாதுன்னுட்டாவ. இருந்தது ஒம்போது பேரு. எட்டுப் பேரு பி.காமுக்கு மாறிட்டாவ. இவ ஒருத்திதான் கணக்குதான் வேணும்னு நின்னா. மதுரைல மூணாவது செமஸ்டருல சேந்தா உண்டு. இல்லன்னா முடிஞ்சுது. ஒரு வருஷம் பின்னால போயி உக்கார அவ வீட்டுல விடமாட்டாவ. மூணு வருஷம்னு பேசித்தான் அனுப்பியிருக்காவ." பிளாஸ்டிக் உறையை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நான் இங்கன வந்திருக்கது அவளுக்குத் தெரியாது."

சுவர்க் கடிகாரம் நாலு முப்பத்தேழு காட்டியது. மீனலோசனி ரவூப்பிடம் சொன்னாள்: "அந்த மூணு வார விதியை எடுத்துட்டு, விட்ட இடத்துலேருந்து ஓட்டு."

"மேடம், விதியை எடுத்தா பதிவாகும்."

"ஆகட்டும்."

திரையில் பதினொன்றாவது வாரத்து வெற்றுத்தாள் வந்தது. ஒரு வாரத்துக்கு முக்கால் நிமிஷம். பன்னிரண்டாவது வாரத்தாளும் வெறுமையாக வந்து நின்றது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரவூப் நகத்தைக் கடித்தான். ஒன்றுமே வராமல் போய்விட வேண்டும் என்று ஒரு கணம் மீனலோசனி ஆசைப்பட்டாள். வராவிட்டால் அவள் செய்தது சரி என்றாகிவிடும். ஆசைப்பட்ட மறுகணமே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பதின்மூன்றாவது வாரத்தாளில் எழுத்து வந்தது. சற்றே வலப்பக்கம் சாய்ந்த, உருண்டையான கையெழுத்து.

'மதிப்பிற்குரிய ஐயா, நான்கு வாரங்கள் வகுப்புக்கு வர இயலவில்லை. மன்னிக்கவும். விடுபட்ட தேர்வுகளை இத்துடன் எழுதியுள்ளேன்.'

அதற்குக் கீழே ஒன்பதாவது வாரத்தின் தேர்வு. பிறகு பத்தாவது வாரத்தினுடையது. அடுத்தடுத்து நான்கும். ஓர் இடத்தில் தொகையீட்டில் முட்டிக்கொண்டு, அடித்துவிட்டு, அரைப் பக்கம் இடம் விட்டு, அடுத்த கணக்கை முடித்துவிட்டுத் திரும்பி வந்து அதைப் போட்டிருந்தது. போட்ட வழி பாடப் புத்தகத்தில் இல்லாதது. மீனலோசனி அதைப் படித்துக்கொண்டே போனாள். இப்படி ஒரு விடைத்தாளை ஆற அமரப் படித்து எத்தனை வருஷமாயிற்று என்று தோன்றியது. வலது மூலையில் இயந்திரம் தன் பாட்டுக்கு மதிப்பெண் போட்டது. நான்கு தேர்வுக்கும் பூஜ்யம். அந்த வாரத்தில் அந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லையே.

"ஐயான்னு என்னத்தான் போட்டிருக்கா" என்றார் பொன்னுத்துரை. "ஒவ்வொரு வருசமும் மொதல்ல இந்தக் கடுதாசிய எழுதிட்டுத்தான் கணக்கத் தொடங்குவா. எழுதாண்டாம்மான்னா கேக்கமாட்டா." முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

மீனலோசனி இயக்குநர் மணவாளனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். குரலை உயர்த்துகிறவர் அல்ல.

"ஒரு பிள்ளைன்னா மாத்திருவோம்மா. காரணம்கிற இடத்துல தட்டச்சுப் பிழைன்னு போடுங்க. பிள்ளைகிட்ட சம்மதம் வாங்கிப் பதிவு பண்ணிட்டு அஞ்சு மணிக்குள்ள மூணாவது செமஸ்டர்னு ஏத்திருங்க. நான் பாத்துக்கிறேன்."

"பிழை தட்டச்சுல இல்ல சார். விதியில இருக்கு."

"விதின்னு போட்டீங்கன்னா இன்னிக்கிப் பட்டியல் முழுக்க நிக்கும். அந்தப் பிள்ளையும் சேத்துத்தான் நிக்கும். கமிட்டி வந்து, விசாரிச்சு, கார்த்திகை ஆயிரும். ஒன்பது வருஷத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். யோசிங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. மீனலோசனி படிவத்தைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் 'தட்டச்சுப் பிழை' என்று அடித்தாள். இப்போதைக்கு இந்த ஒரு பெண்ணைக் கரையேற்றிவிடுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொன்னுத்துரை எண்ணைச் சொல்ல, ரவூப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தான். சட்டப்படி அழைப்பு பதிவாகும் என்ற அறிவிப்பு முதலில் ஓடி முடிந்தது. பிறகு ஒரேயடியாகத் தையல் மிஷின்களின் சத்தம்.

"ஆரு?"

"சந்தனமாரியாம்மா? மதுரைலேருந்து பாடப் பொருத்த வாரியம். என் பேரு மீனலோசனி. உங்க பொன்னுத்துரை சாரும் இங்கதான் இருக்காரு."

சத்தம் குறைந்தது. வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"சொல்லுங்க மேடம்."

"உனக்கு வந்த நோட்டீஸ் தப்புமா. உன்ன மூணாவது செமஸ்டர்ல சேத்திருக்கணும். எங்க பக்கம்தான் தப்பு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே மாத்திருவோம்."

அந்தப் பெண், வந்தவர்களிடம் இடமில்லை என்று சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னாள்.

"இல்ல மேடம். நான் நின்னுட்டேன். இங்கனயே காஜா மிஷினுல இருக்கேன்னு சொல்லிட்டேன். இப்ப யூனிபாரம் ஓடுது."

"சொன்னா என்னம்மா, மாத்திக்கலாமே. நான் வேணா உங்க வீட்டுல பேசறேன்."

"வீட்டுல ஒண்ணும் சொல்லல மேடம். நாந்தான். உங்க கடுதாசி வந்ததும், அது எப்படி அப்படிச் சொல்லலாம்னுட்டு மூணாவது செமஸ்டரு புஸ்தகத்த வாங்கிட்டு வந்து போட்டுப் பாத்தேன். மூணாவது பக்கத்துல முட்டிட்டு."

"முட்டத்தாம்மா செய்யும். எல்லாருக்கும் முட்டும்."

"முன்னாலயும் முட்டும் மேடம். முட்டினா விட்டுட்டு வேற வேலயப் பாத்துட்டு வந்து போடுவேன். வந்துரும். இப்ப முட்டினா, சரி, இதத்தான் அந்த மிஷினு சொல்லிருக்கு போலன்னு தோணிருது. தோணுனப் பெறவு வரமாட்டக்கு. நாலு நாளு உக்காந்து பாத்தேன். பழய கணக்கும் வரல."

பொன்னுத்துரை மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சந்தனம், நான் சொல்லுதேன்லா. உனக்குக் கணக்கு வரும். எனக்குத் தெரியாதா?"

"நீங்க நல்லதத்தான் சார் சொல்லுவிய."

மீனலோசனி ரவூப்பிடம் சைகை காட்டினாள். அவன் பதின்மூன்றாவது வாரத்துத் தாள்களைச் சந்தனமாரியின் போனுக்கு அனுப்பினான். "உனக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாரும்மா. உன் நிழல் எழுதினது. நாலு வாரம் கழிச்சு வந்து எல்லாத்தையும் எழுதியிருக்கு. ஒண்ணுகூடத் தப்பில்ல. மூணாவது கணக்கப் பாரு, எங்க புரொபசர்மாருக்குக்கூடத் தோணியிருக்காது அந்த வழி."

அவள் பார்க்கிறாள் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. தாளைத் தாளாகத் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். நீண்ட நேரம் ஆனது. பின்னால் யாரோ 'ஏட்டி, லோடு நிக்கி' என்று கூப்பிட்டார்கள். 'இந்தா வாரேன்' என்றாள்.

"நல்லா எழுதியிருக்கா மேடம்."

"அது நீதாம்மா."

"இல்ல மேடம்." அதை அவள் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்கிற குரலில் சொன்னாள். "அவகிட்ட உங்க கடுதாசிய ஆரும் குடுக்கலல்லா. அதான் எழுதுதா. கணக்கு வராதுன்னு அவளுக்குத் தெரியாது. அவளச் சேத்துக்கோங்க மேடம். நான் வரல."

அழைப்பு முடிந்தது. சம்மதம் மறுக்கப்பட்டதாகத் திரையில் ஒரு வரி தானாக ஏறியது.

மீனலோசனிக்கு அழுகை வந்தது. ஆபீஸில் அழுது பழக்கமில்லாததால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஒரு வருஷத்தை இழந்தபோது கணக்கு வராது என்று யாரும் சொல்லவில்லை. பாடம் பொருந்தவில்லை என்றுதான் சொன்னார்கள். அந்தக் கோபத்தில் வைராக்கியமாகப் படித்து முடிக்க முடிந்தது. பிள்ளைகளுக்கு அந்தக் கோபத்தைக்கூட மிச்சம் வைக்காத ஒன்றைச் செய்துவைத்துவிட்டோம் என்று முதல்முறையாக அவளுக்கு உறைத்தது.

பொன்னுத்துரை எழுந்தார். பிளாஸ்டிக் உறையைத் தேடி எடுத்து, சுற்றறிக்கையை மட்டும் மேசையிலேயே விட்டார்.

"நான் வீட்டுக்குப் போயிப் பேசிப் பாக்கேன்."

"வருவாளா சார்?"

"வரமாட்டா. இருந்தாலும் போவணும்லா." வாசலில் நின்று ரவூப்பைப் பார்த்தார். "தம்பி, அந்தத் தாளு ஒரு பிரதி கெடைக்குமா? அந்தக் கடுதாசி இருக்கதே, அது மட்டும் போதும்."

ரவூப் அச்செடுத்துக் கொடுத்தான். அவர் அதை நான்காக மடிக்காமல் உறைக்குள் விரித்தபடியே வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மணி நாலு ஐம்பத்தாறு. மீனலோசனி படிவத்தை மறுபடி திறந்தாள். 'தட்டச்சுப் பிழை' என்றதை அழித்தாள். சந்தனமாரிக்காகச் சொன்ன பொய் அது. அவளுக்கே வேண்டாம் என்றான பிறகு அது யாருக்கு?

"ரவூப், மூணு வாரம் வெத்துத்தாள்னு நிறுத்தினது இதுவரைக்கும் எத்தனை?"

அவன் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தான். "நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு மேடம்."

"அதுல எத்தனை பேர் அடிப்படைக் கணிதத்துல போய்ச் சேந்தாங்க?"

"அறுநூத்திச் சொச்சம்."

மீதிப்பேர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. உப்பளத்துப் பிள்ளைகள் இருப்பார்கள், மிளகாய் பறிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், அவளுக்குப் பெயர் தெரியாத வேறு ஏதேதோ பருவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் இருப்பார்கள். அவள் காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: 'விதி தவறு. விதியை எழுதியவர்: அ. மீனலோசனி, ஒருங்கிணைப்பாளர்.' அனுப்பியதும் பட்டியலின் தலைப்பு சிவந்து, 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்றானது. இரண்டு நிமிஷத்துக்குள் இயக்குநரின் அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை.

"மேடம்" என்றான் ரவூப் தயங்கி. "அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. நிறுத்தச் சொல்லலையேன்னு விட்டுட்டேன்."

அந்தப் பரபரப்பில் யாரும் இயந்திரத்தைக் கவனிக்கவில்லை. சந்தனமாரியின் நிழல் அந்த நான்கு பூஜ்யத்தோடும் மூன்றாவது செமஸ்டரில் தேறி, நான்காவதில் முதல் வகுப்பு வாங்கி, ஐந்தாவதில் போய் உட்கார்ந்திருந்தது. எட்டு வாரமும் நிறுத்தாமல் எழுதியிருந்தது. இப்போது திரையில் ஒன்பதாவது வாரத்தின் தாள் வெறுமையாக நின்றது.

"அந்தப் பொண்ணு விலகிட்டாங்கன்னு பதிவாயிருச்சு மேடம். அஞ்சு மணிக்கு மிஷினே நிழல அழிச்சிரும். சட்டம். நம்ம கையில இல்ல."

"தெரியும்."

ரவூப் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பத்தாவது வாரத்தின் தாள் வந்தது. அதுவும் வெறுமையாகத்தான் இருந்தது. இன்னும் மூன்று வாரம் கொடுத்தால் வந்து மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் எழுதிவிடுவாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடிகாரத்தில் ஐந்து ஆயிற்று.